ஜன்னலுக்கு வெட்கம் வந்த ரயில்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஓடும் எங்கள் எல்ஆர்டி என்கிற இலகு ரயிலுக்கு வெட்கம் அதிகம். அடுக்குமாடி வீடுகளை ஒட்டி வரும்போது அதன் ஜன்னல் கண்ணாடி தானாக வெளுத்துவிடும். ஒரு நொடி முன்புவரை எதிர்ப் புளோக்கின் மூன்றாவது மாடியில் மூங்கில் கழியில் காயும் பள்ளிச் சீருடை, அதற்குப் பின்னால் சமையலறை, சுவரில் மாட்டிய காலண்டர் எல்லாம் தெரிந்துகொண்டிருக்கும். சட்டென்று ஒன்றும் தெரியாது. கட்டடத்தைத் தாண்டியதும் கண்ணாடி தெளிந்து, மரமும் சாலையும் திரும்ப வரும். 1999இல் ரயில் விட்டபோதே இந்த ஏற்பாட்டோடுதான் விட்டார்கள். வீடுகளை முன்பே கட்டியாகிவிட்டது. பாதையை அவற்றுக்கு நடுவில் நுழைக்க வேண்டியிருந்தது. சில இடங்களில் படுக்கையறைக்கும் ரயிலுக்கும் நடுவே பெரிதாக இடைவெளி கிடையாது. ஒரு குடும்பம் உட்கார்ந்து சோறு சாப்பிடுவதை ஒரு பெட்டி ஜனம் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தால் நன்றாகவா இருக்கும்? மனிதருக்குச் சொல்லிக் கேட்காததைப் பொறியாளர்கள் கண்ணாடிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இதே இடத்தில் அறுபதுகளில் சிறுவனாகத் திரிந்தவனுக்கு இந்த மரியாதை கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படும். அப்போது இது கம்பம், அதாவது கிராமம். ஒரு பக்கம் சீனர்களின் காய்கறித் தோட்டமும் கோழிப் பண்ணையும், இன்னொரு பக்கம் ரப்பர் மரங்கள், நடுவே பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள். கதவைச் சாத்துவது இரவில் மட்டும் செய்கிற காரியம். பாதையில் போகிறவர்கள் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, "என்னக்கா, கருவாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். கேட்காமல் ஒருத்தி போய்விட்டால் அம்மாவுக்கு அன்று முழுக்க அதே யோசனை. "அவ ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா? நாம என்ன செஞ்சோம்?"

எங்கள் இடத்துக்கு வழக்கில் இருந்த பெயர் ‘பத்தாவது மைல்’. நகரத்துப் பெரிய தபால் நிலையத்திலிருந்து மைல்கற்களை எண்ணிக்கொண்டு புக்கிட் தீமா சாலை வழியாக வந்தால், சுவா சூ காங் சாலை பிரிகிற இடத்தில் பத்து முடியும். கடிதத்தில் அப்படி எழுதினாலே போதும், வந்து சேரும். நாங்கள்தான் நகரத்துக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்.

போவதற்கு கிரீன் பஸ் கம்பெனியின் பச்சை பஸ்ஸை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை. அது எப்போது வரும் என்று கேட்டால் ஊருக்குப் புதியவர் என்று தெரிந்துவிடும். வரும்போது நிறைந்து வரும், நிறைந்திருந்தாலும் நிற்கும், நின்றதும் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற கத்தரியால் கம்பியைத் தட்டி, உள்ளே போ, உள்ளே போ என்று மலாயில் விரட்டுவார். ஜன்னல்கள் மழையில் மூடாது, வெயிலில் திறக்காது. அப்பா புக்கிட் தீமா சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். பஸ் வராத நாளில் வேட்டி மடிக்கிற மாதிரி கால்சட்டையை இரண்டு சுற்றுச் சுருட்டிவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார். பஸ் வரவில்லை என்று அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. வருமென்று யாரும் அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லையே.

திட்டு வாங்குவதற்கென்று வேறொன்று இருந்தது. தஞ்சோங் பகாரிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிற மலாயா ரயில் சுவா சூ காங் சாலையைத் தரைமட்டத்திலேயே கடக்கும். ரயில் வருமுன் கேட்காரர் சாலையின் குறுக்கே கேட்டைக் கையால் தள்ளி மூடுவார். இரண்டு பக்கமும் லாரிகள் நிற்கும், பன்றி ஏற்றிய வண்டி நிற்கும், அதற்குப் பின்னால் நிற்க நேர்ந்த சைக்கிள்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் என்று நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் வசவு கேட்கும். எனக்கு அதில் நல்ல பயிற்சி கிடைத்தது. பெட்டிகள் கடக்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்ப்போம், கையாட்டுவோம். எந்தக் கண்ணாடியும் குறுக்கே வந்து வெளுக்கவில்லை. பாதி ஜன்னல்களில் கண்ணாடி ஏற்றியே இருக்காது.

தெற்கே புக்கிட் தீமா ரயில் நிலையத்தில் இன்னும் பழைய வழக்கம். ஒற்றைத் தண்டவாளமாதலால் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடக் கூடாது. அதற்காக ஓட்டுநர் கையில் ஒரு சாவியைக் கொடுப்பார்கள். பிரம்பு வளையத்தில் கோத்த பை, அதற்குள் சாவி. அது கையில் இருந்தால் பாதை அவருடையது. ரயில் நிற்காமலே போக, மேடையில் நிற்பவர் வளையத்தை நீட்டுவார், ஓட்டுநர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். கணினி இல்லை, மின்சாரம்கூட அதிகம் தேவையில்லை. 2011 வரை அப்படியேதான் நடந்தது. என் பேரனிடம் இதைச் சொன்னால், "சாவி கீழ விழுந்துட்டா தாத்தா?" என்று கேட்கிறான். சரியான கேள்விதான். ஆனால் அவன் தினமும் ஏறிப் போகிற ரயிலில் சாவி கொடுக்க ஆளே கிடையாது என்பது அவனுக்கு விசித்திரமாகப் படவில்லை.

எழுபதுகளில் பச்சை பஸ் போனது. 1971இல் கிரீன் பஸ் உட்பட சீனர்களின் பஸ் கம்பெனிகளை மூன்றாகச் சேர்த்தார்கள். 1973இல் அந்த மூன்றையும் ஒன்றாக்கினார்கள். எண்பதுகளில் கம்பமும் போனது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எங்களுக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர், பொத்தானை அழுத்தினால் மின்தூக்கி. அம்மா முதல் வாரமே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். ஒருவரும் என்ன குழம்பு என்று கேட்கவில்லை. இரண்டாம் வாரம் அவரும் சாத்திவிட்டார்.

புது நகரத்துக்கு எல்லாம் வந்தது, எம்ஆர்டி மட்டும் வரவில்லை. 1987இல் நாட்டின் முதல் பெருவிரைவு ரயில் ஓடியது. 1990இல் பக்கத்து ஊர் சுவா சூ காங்குக்கு நிலையம் வந்தது. நாங்கள் பஸ் பிடித்துப் போய் அவர்களுடைய ரயிலில் ஏறினோம். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி பார்க்கப் போய்ப் பழகிய தலைமுறை என்பதால் அதில் பெரிய அவமானம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேல் ஆள் குடியேறப்போகிற ஊர். போக்குவரத்துக்காக அரசாங்கம் 1996இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், புது நகரங்களின் உட்புறத்திலிருந்து ஆட்களைத் திரட்டிக் கொண்டுபோய் எம்ஆர்டியில் சேர்க்க இலகு ரயில் என்ற யோசனை வந்தது. முதலில் யார் வீட்டில் அதை வைத்துப் பார்ப்பது? எங்கள் வீட்டில்தான்.

1999 நவம்பர் 6. நாட்டின் முதல் எல்ஆர்டி. 285 மில்லியன் வெள்ளி, 14 நிலையங்கள், எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான பாதை. ஊரே பார்க்கப் போனது. ரயில் என்று கேள்விப்பட்டு வந்த அம்மா, மேம்பாலத்தில் வந்து நின்ற ஒற்றைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மிச்சமெல்லாம் எங்கடா?" என்று கேட்டார்.

மிச்சம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிக்கு எஃகுச் சக்கரமும் இல்லை, ரப்பர் டயர். தண்டவாளமும் இல்லை, கான்கிரீட் தளத்தின் நடுவே வழிகாட்டுகிற ஒரு உத்தரம் மட்டும். ஓட்டுநரும் இல்லை. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வார்கள். சாங்கி விமான நிலையத்தில் 1990 முதல் முனையத்துக்கு முனையம் ஆட்களை ஏற்றிப்போன ரயிலும் இதே குடும்பத்துப் பிறப்புதான். அது செய்த வேலை எளிது. மட்டமான தரை, நேரான பாதை, பெட்டியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் சில பயணிகள். அதன் தம்பியை மேடும் பள்ளமுமான எங்கள் ஊருக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சாலையும் வீடும் அமைந்த பிறகு வந்ததால் அது சாலை திரும்புகிற இடத்திலெல்லாம் திரும்பியாக வேண்டும், ஏறுகிற இடத்திலெல்லாம் ஏறியாக வேண்டும். பெத்திருக்கும் செஞ்சாவுக்கும் போகிற வளைவுகளில் நின்றுகொண்டிருக்கிற அத்தனை பேரையும் முறத்தில் இட்டுப் புடைப்பதுபோல் ஒரு பக்கமாகத் திரட்டிவிடும். கம்பியைப் பிடித்துப் பழகாதவர்கள் அங்கேதான் அறிமுகமாவார்கள். என் மருமகள் என் மகனை முதன்முதலில் ஏறிட்டுப் பார்த்தது அவன் அவள் காலை மிதித்தபோது. ஆகவே இந்த வளைவுகளைப் பற்றி எங்கள் வீட்டில் முழு மனதோடு குறை சொல்ல முடியாது.

நன்மையை மறைக்கக் கூடாது. அம்மாவுக்கு அப்போது முழங்கால் வலி. பஸ் என்றால் படியேற வேண்டும், பிரேக் போட்டால் பதற வேண்டும். எல்ஆர்டியில் புளோக்கின் கீழே இறங்கினால் கூரை போட்ட நடைபாதை, நிலையத்தில் மின்தூக்கி, மேடைக்கும் பெட்டிக்கும் ஒரே மட்டம். அவர் கைத்தடியும் காய்கறிப் பையுமாக டெக் வாய் சந்தைக்குத் தனியாகப் போய்வந்தார். கம்பத்தில் இருந்த காலத்தில்கூட அவர் தனியாகச் சந்தைக்குப் போனதில்லை; அப்பா கூடப் போவார், அல்லது நான் போவேன். அறுபது வயதுக்கு மேல் அவருக்கு ஊர் சுற்றுகிற சுதந்திரத்தைக் கொடுத்தது ஓட்டுநர் இல்லாத ஒற்றைப் பெட்டி. மழை நாளில் அதன் அருமை இன்னும் தெரியும். இங்கே மழை என்றால் சும்மா இல்லை. குடையைத் திருப்பிவிட்டுப் போகிற மழை. அப்போது மேலே குளிர்சாதனத்தில் நின்றபடி, கீழே சாலையில் நகராத கார்களைப் பார்த்துக்கொண்டு போகிற சுகம் இருக்கிறதே, கார் வைத்துக்கொள்ள வேண்டிய உரிமைச் சான்றிதழ் வாங்கக் காசில்லாதவனுக்கு வாழ்க்கை கொடுக்கிற சில நியாயங்களில் அது ஒன்று.

பிள்ளைகளுக்கோ அது ரயிலே அல்ல, விளையாட்டு. ஓட்டுநர் அறை இல்லாததால் முன் கண்ணாடி முழுவதும் அவர்களுக்குத்தான். அங்கே மூக்கு அழுத்திய தடம் எப்போதும் இருக்கும். அந்த இடத்துக்குப் பெரியவர்களும் போட்டி போடுவார்கள். ஆனால் குழந்தைக்குக் காட்டுகிற சாக்கில்.

இனி ஏ, பி விவகாரம். பாதை சுவா சூ காங்கில் தொடங்கி புக்கிட் பாஞ்சாங் நிலையம்வரை நேராக வரும். அதன்பிறகு ஊரைச் சுற்றி ஒரு வளையம். ஏ சேவை செஞ்சா பக்கமாகச் சுற்றும். பி சேவை பெத்திர் பக்கமாகச் சுற்றும். பெத்திர்காரர் தூக்கக் கலக்கத்தில் ஏயில் ஏறினால் ஊர் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் வீடு சேர்வார். எங்கள் ஃபஜார் நிலையமோ வளையத்தின் சரிபாதியில் இருக்கிறது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து எந்தப் பக்கம் வந்தாலும் நான்காவது நிலையம். இதில் சண்டைக்கு இடமே இருக்கக் கூடாது. ஏதான் வேகம் என்பது என் கட்சி. பிதான் என்பது என் மனைவியின் கட்சி. இருவரிடமும் ஆதாரம் உண்டு. இருவரும் இந்த விஷயத்தில் நடுநிலையான சாட்சி ஒருவரையும் ஏற்றுக்கொண்டதில்லை.

குறைகள் மெல்ல வரவில்லை. ஓராண்டு நிறைந்து சில நாளில், 2000 நவம்பரில், ஃபீனிக்ஸ் நிலையத்தில் ஒரு ரயில் இன்னொன்றின் பின்னால் மோதி ஐந்து பேருக்குக் காயம். அதன்பிறகு மின்கோளாறு, சமிக்ஞைக் கோளாறு, கதவுக் கோளாறு. காலையில் கைபேசியைத் திறந்தால் ஊரார் அனுப்பிய படம்: நிலையத்திலிருந்து படிக்கட்டு வழியாகச் சாலைவரை நீளும் வரிசை. மாலையில் சுவா சூ காங் மேடையில் இன்னொரு வகை வரிசை. எம்ஆர்டியின் ஆறு பெட்டி ஜனத்தை ஒற்றைப் பெட்டியில் ஊற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த மேடையில் ஒருநாள் மாலை ஆறரைக்கு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு இரண்டு பெட்டிகளைக் கோத்து விட்டார்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் மிச்சம் வந்துவிட்டதென்று சொல்லியிருப்பார்.

ஒருமுறை நான் நடுவழியில் மாட்டிக்கொண்டேன். பங்கிட்டைத் தாண்டி ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு மங்கியது, குளிர்சாதனம் அடங்கியது. நின்ற இடம் ஒரு புளோக்கின் அருகே என்பதால் ஜன்னல் கண்ணாடி வெளுத்தே இருந்தது. எங்கே நிற்கிறோம் என்று தெரியவில்லை, எவ்வளவு உயரத்தில் என்று தெரியவில்லை, வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியவில்லை. ஒலிபெருக்கி பொறுமையாக இருக்கும்படி கேட்டுக்கொண்டது. நாங்கள் பொறுமையாகத்தான் இருந்தோம். கதவு பூட்டியிருந்தால் வேறு எப்படி இருக்க முடியும்? ஒரு மலாய் அம்மா பையிலிருந்து அட்டை விசிறியை எடுத்து முதலில் தன் பேத்திக்கும், பிறகு பக்கத்தில் நின்ற சீனக் கிழவருக்கும், அப்புறம் எனக்கும் வீசினார். கிழவர் தன் பையைத் திறந்து எல்லோருக்கும் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். அரை மணி நேரத்தில் யார் எந்தப் புளோக், யார் பிள்ளை எந்தப் பள்ளி என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. அத்தனை ஆண்டு ஒரே ரயிலில் போய்வந்தும் தெரியாத விஷயங்கள்.

கடைசியில் ஊழியர்கள் வந்து கதவைத் திறந்து, மேம்பாலத்தின் மேலேயே நடத்திக் கூட்டிப்போனார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இடது கைப்பக்கம், கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரத்தில், சமையலறை ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். கரண்டியோடு ஒருவர், பல்துலக்கியபடி ஒருவர், குழந்தையைத் தூக்கிக் காட்டியபடி ஒருவர். அவர்களை நாங்கள் பார்த்துவிடக் கூடாதென்று ரயிலுக்கு இத்தனை செலவில் வெட்கம் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எங்களை அவர்கள் பார்க்காமலிருக்க ஒருவரும் ஒன்றும் செய்து வைக்கவில்லை. தமிழ் முகம் ஒன்று என்னைக் கண்டுகொண்டு, "என்ன அங்கிள், நடந்தே போறீங்களா?" என்று கேட்டது. அடுப்பில் என்ன இருந்தது என்று வாசனையிலேயே தெரிந்தது. "சாம்பார் அடிப்பிடிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தப் பெண் பதறி உள்ளே ஓடினாள்.

2017இல் ஒரு அதிசயம் நடந்தது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த காவ் பூன் வான், எங்கள் எல்ஆர்டி அரசியல் நெருக்குதலால், ஊரைத் திட்டமிட்டு முடித்த பிறகு தோன்றிய யோசனையாகக் கட்டப்பட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். நான் செய்தியை இரண்டு முறை வாசித்தேன். இந்த நாட்டில் பாலத்தையும் சாலையையும் பற்றி அப்படிப் பேச்சு வருவது அபூர்வம். அப்புறம், இதை என்ன செய்யலாம் என்ற யோசனைகள் வெளியே வந்தன. அவற்றில் ஒன்று, எல்ஆர்டியையே எடுத்துவிட்டுப் பேருந்து விடுவது.

எங்கள் புளோக்கின் கீழே வெற்றுத்தளத்தில் அன்று கூட்டம். ரயில் நின்றபோதெல்லாம் முதல் ஆளாகத் திட்டிய எங்கள் புளோக்குப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "தூக்கிக் கடல்ல போடு லா இந்த டப்பாவ" என்பது அவருடைய நிரந்தரக் கருத்து. அவர்தான் இப்போது கொதித்தார். "எடுத்துருவானாமே! யாரக் கேட்டு எடுக்கிறான்? என் வீட்டுல வயசானவ இருக்கா. அவ பஸ்ஸு படியில ஏறுவாளா?" இப்போதைய பேருந்துகள் தரையோடு தாழ்ந்து நிற்கும், ஏறுவதற்குப் படியே கிடையாது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். அது விஷயமல்ல என்று அவர் சொல்லிவிட்டார். திட்டுகிற உரிமை எங்களுடையது, எடுக்கிற உரிமை யாருக்கும் கிடையாது என்ற தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

ரயிலை வைத்துக்கொள்வதென்று முடிவானது. 2018இல் புதுப்பிக்க ஒப்பந்தம் கொடுத்தார்கள். பழைய 19 பெட்டிகளுக்குப் பதில் புதியவை, மற்ற 13க்கு மராமத்து, புது சமிக்ஞை முறை, புது மின்தடம். மொத்தம் 344 மில்லியன் வெள்ளி. கட்டியது 285, சீர்செய்தது 344. பழைய காலத்து வெள்ளிக்கும் இந்தக் காலத்து வெள்ளிக்கும் மதிப்பு வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது ஒரு திருப்தி. வாங்கிய விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம் என்று கடைக்காரர் சொன்ன பிறகும் அப்பாவின் கைக்கடிகாரத்தை நான் பழுதுபார்த்து வைத்திருப்பதை மனைவி இனிக் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையில் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. 2015 டிசம்பரில் டவுன்டவுன் பாதை எங்கள் ஊருக்கே வந்தது. சுவா சூ காங்குக்குப் போய் மற்றவர்கள் ரயிலில் ஏறின காலம் முடிந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா. தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கிக்கொண்டு வெயில் ஏறுமுன் மனைவி திரும்பிவிடுகிறாள். இப்படி ஒரு பெரிய ரயில் வந்தபின் சின்ன ரயிலின் வேலை எளிதாகும் என்று நினைத்தோம். சுவா சூ காங் மேடையின் கூட்டத்தில் ஒரு பங்கு இங்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது, டென் மைல் ஜங்ஷன் நிலையம். 14 நிலையங்களில் அதுதான் வினோதமானது. கடைத்தொகுதிக்குள் இருந்தது, மேலே பணிமனை. வளையத்தில் சேராமல் தனியாக ஒதுங்கியிருந்ததால் அங்கே போகத் தனி ரயில், அதுவும் எப்போதாவது. ஆள் குறைவு. எங்கள் பழைய பத்தாவது மைலின் பெயரைத் தாங்கியிருந்த அந்த நிலையத்தை 2019 ஜனவரியில் மூடினார்கள். மலாயா ரயிலின் கேட்டும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது; 2011 ஜூன் 30 இரவோடு அதுவும் முடிந்தது. கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். தலைமுறை தலைமுறையாகக் கேட்டருகே நின்று நான்கு மொழியில் வைதவர்கள் அன்று கேமராவோடு வந்து வழியனுப்பினார்கள். ஏழரை ஆண்டு கழித்து டென் மைல் ஜங்ஷனின் கடைசி நாளிலும் அதே கேமராக்கள். அந்த நிலையத்தில் அவ்வளவு கூட்டத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை. அதில் பாதிப்பேர் தினமும் வந்திருந்தால் மூடியிருக்கவே மாட்டார்கள். எதிர்முனையில், புங்கோல் எல்ஆர்டியில், டெக் லீ என்று ஒரு நிலையம். கட்டி வைத்துவிட்டு ஆளில்லை என்று ஆண்டுக்கணக்காகப் பூட்டியே வைத்திருந்து, 2024 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். ஊருக்கு முந்திப் போனால் பூட்டு, ஊருக்குப் பிந்தி வந்தால் வளைவு. இலகு ரயில் என்று பெயர்தான், அதைச் சரியான நேரத்தில் கொண்டுவந்து வைப்பது அவ்வளவு இலகுவில்லை போலும்.

அதே 2024 ஆகஸ்டில் எங்களுக்கும் புது ரயில்கள் வந்தன. நான் ஒருநாள் காலையில் வேலை ஒன்றும் இல்லாமலே ஒரு சுற்றுப் போய்வந்தேன். உள்ளே வெளிச்சம் அதிகம். புது வண்டிக்குரிய வாசனை இருந்தது. தூக்கிக் கடலில் போடச் சொன்ன பெரியவரும் எனக்கு முன்பே ஏறிவிட்டார், முன் கண்ணாடியருகே. கையில் பேரப்பிள்ளை இல்லை; சாக்குச் சொல்லவும் இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "என்னமோ லா, பழசுல ஒரு பிடிப்பு இருந்துச்சு" என்றார். வளைவு வந்தபோது இருவரும் பழக்கத்தில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

சமீபத்தில் சுவா சூ காங் மேடையில் மனைவியோடு நின்றிருந்தேன். உருட்டுகிற பெட்டியும் முதுகுப் பையுமாக ஒரு இளைஞர் வந்தார்; தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"சார், ஃபஜார் போகணும். ஏயா, பியா?"

"ஏ" என்றேன்.

"பி, தம்பி" என்றாள் மனைவி, அதே நொடியில்.

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். இரண்டும் போகும், நிலையக் கணக்கு ஒன்றுதான், ஆனால் ஏயில் போவதில் ஒரு நுட்பம் இருக்கிறது என்று நான் விளக்கத் தொடங்கினேன். மனைவி குறுக்கிட்டு, அந்த நுட்பத்தை நம்பி நாங்கள் இதுவரை தவறவிட்ட காரியங்களைச் சொல்லத் தொடங்கினாள். ஏ வந்து போனது. பி வந்து போனது. இளைஞர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கைபேசியை எடுத்துப் பார்த்தார்.

"பரவாயில்ல சார், இதுல பஸ்ஸே காட்டுது" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நாங்கள் அடுத்த ஏயில் ஏறினோம். ஃபஜாரில் இறங்கிக் கீழே வந்தால், நடைபாதையில் அவர் எங்களுக்கு முன்னால் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"பியில வந்திருந்தா நாம முந்தியிருப்போம்" என்றாள் மனைவி.